சமையற்கட்டுக்குப் போன ரயில்

"உள்ள இருக்கறவங்களுக்கு?"

எங்கள் சந்தில் அக்காவைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். கரிபாப் பலகாரப் பொட்டலம் வாசலுக்கு வந்தால் கேட்பார். யாராவது கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்தால் கேட்பார். மழை விட்டு வாசல் நடையான அஞ்சடியில் கொஞ்சம் குளிர்ந்த காற்று வீசினால்கூட, அதை அள்ளி உள்ளே கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பார்க்கிற மனுஷி.

நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழ்வீட்டில் அக்கா, மாடியறையில் நானும் என் தையல் மெஷினும். கீழ்வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், நடுவில் வானம் தெரிகிற சின்ன முற்றம், அதைத் தாண்டிச் சமையற்கட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா கணவரின் தம்பிமார், அவர்கள் மனைவிமார், அக்கம்பக்கம் என்று வீடு நிறைந்துவிடும். ஆண்கள் கூடத்தில், நாங்கள் பெண்கள் சமையற்கட்டில். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டோம். நல்லதெல்லாம் முன்னால் இறங்கும், மிச்சம் பின்னால் வரும். இந்த 'மிச்சம்' என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவுக்கு மூக்கு விடைக்கும்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இவரை அவரோடு பேச வைக்கிற வேலை. கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தார். வருஷத்தில் பாதிநாள் கடல். கூட இருந்தது தங்கச்சி ஒருத்தி, ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அம்மா இல்லாத பெண்ணை அக்காதான் வளர்த்து, படிக்க வைத்து, ஆளாக்கினார்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மேசை ஃபேன். வேறு வீடாக இருந்தால் அது கூடத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகளுக்கு வீசிக்கொண்டிருக்கும். அக்கா அதை முற்றத்து ஓரத்தில் ஸ்டூல் போட்டு ஏற்றி, தலையைத் திருப்பவிட்டார். ஒரு தடவை கூடம், ஒரு தடவை சமையற்கட்டு. காற்று திரும்பி வரும்வரை இரண்டு பக்கமும் காத்திருக்கும். "இதுக்கு ஃபேனே வேணாம் அண்ணி, ஏக்கம்தான் மிச்சம்" என்றார் சின்னக் கொழுந்தன். "ஏக்கம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்குல்ல, போதும்" என்றார் அக்கா.

சிரிப்பிலும் அவருக்குப் பங்கு வேண்டும். கூடத்தில் ஆண்கள் குபீரென்று சிரித்தால் போதும், திரைச்சீலை விலகும்.

"என்ன சொன்னீங்க? உள்ள கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

"அது ஒண்ணுமில்ல அண்ணி..."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை பேரு சிரிச்சீங்க? சொல்லுங்க தம்பி, நல்லா சத்தமா."

சின்னவர் கழுத்துவரை சிவந்துபோய் வேறொரு கதையைக் கட்டிச் சொல்வார். கொஞ்ச நாளில் கூடத்துப் பேச்சு நாலு பேர் காதில் விழத் தக்கதாக மாறிவிட்டது. எங்களுக்கும் இரண்டு நல்ல சிரிப்பு கிடைத்தது.

பாட்டு என்றால் அக்காவுக்கு உயிர். "நாளெல்லாம் அடுத்தவங்க பேச்சு காதுல விழுது. வீட்டுக்கு வந்தா பாட்டு விழணும் லா" என்பார். சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்கும் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், கூடத்து ரெக்கார்ட் பிளேயருக்காக ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கிவந்தார். இசைத்தட்டில் ஊசி எடுத்துத் தருவது கொசு முனகுகிற சத்தம். அதை வீடு நிறைகிற பாட்டாக ஆக்கித் தருவது இதுதான் என்று எனக்கு விளக்கினார். அரிசி மூட்டை கனம். இரும்புத் தட்டின்மேல் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்டால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதுபத்தி முனை மாதிரி ஒரு சிவப்பு. சூடு ஏறாமல் பாடாது. "அதுக்கும் காலங்காத்தால கோப்பி குடிச்சாத்தான் வாய் திறக்கும்" என்பார் அக்கா.

ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். அதாவது மோனோ. ஸ்பீக்கரை எங்கே வைத்தார் என்று நான் சொல்லவே வேண்டாம். முற்றத்தில், சுவரைப் பார்த்து.

"அண்ணி, பாட்டு செவத்துக்கா?"

"செவத்துல பட்டு ரெண்டு பக்கமும் போவுதுல்ல. நீங்க கேக்கறதுதான் உள்ளயும் கேக்குது. ஒரு சொட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

மோனோவின் அருமையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பாட்டு. குழம்பைக் கிளறிக்கொண்டும் கேட்கலாம், குழந்தையைத் தூங்கப் போட்டுக்கொண்டும் கேட்கலாம்.

பிறகு ஸ்டீரியோ வந்தது. கப்பலில் போன கணவர் ஜப்பான் துறைமுகத்திலிருந்து ஒரு இசைத்தட்டு வாங்கிவந்து கொடுத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டார். இது ஸ்டீரியோ தட்டு, இருக்கிற ஊசியை இதில் வைக்கக் கூடாது, கீறிவிடும் என்று எச்சரிக்கை வேறு. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனார். இருவரும் பேசியது பசார் மலாயில், சந்தையில் எல்லா இனத்தாரும் பேசுகிற மலாயில். நான் தமிழில் சொல்கிறேன்.

"ரெண்டு வழி இருக்கு அக்கா" என்றார் தவுக்கே. எங்கள் தேக்கா வட்டாரத்தில் பழகி 'அக்கா' மட்டும் சுத்தத் தமிழாக வரும் அவருக்கு. "உன் பழசைக் குடுத்துட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்க. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு இருக்கு. ஒரே சுவிட்சு, எடமும் அடைக்காது. இல்லன்னா, உன்கிட்ட இருக்கற மோனோவுக்கே இன்னொரு மோனோவை ஜோடியா வாங்கிக்க. இடது பக்கத்துக்கு ஒண்ணு, வலது பக்கத்துக்கு ஒண்ணு."

"எது நல்லது?"

"ஒரே பெட்டி வசதி. ஆனா உள்ள கரண்ட் குடுக்கற எடம் ஒண்ணுதான். ஒரு பக்கம் ஓங்கிப் பாடினா மறுபக்கத்துக்குக் கொஞ்சம் கொறையும். அது படுத்தா ரெண்டும் படுத்துடும். தனித்தனியா இருந்தா ஒண்ணோட சோத்துல இன்னொண்ணு கை வைக்காது."

அவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகு அக்கா அந்த ஒற்றைப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு மோனோவையும் ஸ்பீக்கரையும் புது ஊசியையும் எடுத்து வைக்கச் சொன்னார். அது எவ்வளவு சரி என்று பின்னாளில் ஒரு தீபாவளிக்குத் தெரிந்தது. கூடத்து ஆம்ப்ளிஃபயர் பொசுக்கென்று படுத்துவிட, உள்ளே சமையற்கட்டில் இருந்தது விடாமல் பாடியது. ஆண்கள் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா ஆளுக்கொரு கத்தியும் வெங்காயமும் கொடுத்தார்.

கடையை விட்டுக் கிளம்பும்போது ஒன்று கேட்டார். "ரெண்டையும் தள்ளி வைக்கலாமா?"

"வைக்கணும்! தள்ளி வெச்சாத்தான் ஸ்டீரியோவே" என்றார் தவுக்கே. பாவம், அவர் மனதில் இருந்தது ஒரே அறையின் இரண்டு மூலை. அக்கா மனதில் இருந்தது வேறு.

சின்னக் கொழுந்தன் வந்து முற்றத்துச் சுவரோரமாக நீள வயர் இழுத்தார். ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் கூடத்தில், இன்னொரு ஜோடி சமையற்கட்டில், அம்மிக்குப் பக்கத்தில். பழைய மோனோ தட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் முழுப் பாட்டு, ஒரே அளவு. வயர் நீளம் என்பதால் வண்டு முரளுகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வந்தது. அதுகூட இரண்டு பக்கமும் சமமாக வந்தது. அக்கா முற்றத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த நிறைவை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. ஜப்பான் தட்டை மட்டும் போடவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு விருந்தாளிகள் யாரென்றால், தங்கச்சியைப் பெண் பார்க்கக் கடலோரக் காத்தோங்கிலிருந்து வருகிறவர்கள்.

காலையில் உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி சொல்லிவிட்டாள். "அக்கா, பலகாரத் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கச் சொல்லு, நிக்கறேன். ஆனா அவருகிட்ட பேசாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"பேசலாம்டி."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே."

போன தடவை வந்தவர்கள், பேசுகிற வழக்கம் இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். டீச்சரம்மாவுக்குத் திமிர் என்று சந்து முழுக்கப் பேச்சு. அது இன்னொரு தடவை ஆனால் வேறு இடம் அமைவது கஷ்டம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கா மாவை வழித்து என் பக்கம் தள்ளிவிட்டுத் தங்கையின் கன்னத்தை ஈரக்கையோடு தொட்டார். "இந்தத் தடவை பேசுவே. நான் சொல்றேன்."

மத்தியானம் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைப் பையன் துறைமுகத்தில் கிளார்க். ஒல்லி, கண்ணாடி, பேசுவதற்குமுன் காது சிவக்கும். அவன் அம்மா வழக்கப்படி நேரே சமையற்கட்டுக்கு எங்களிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தது அவனுடைய தாய்மாமா. வெள்ளை வேட்டியில் மடிப்பு கலையாமல் உட்காரத் தெரிந்தவர்.

அக்கா கூடத்தில் அவரிடம் நேராகவே கேட்டார். "ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கட்டுமே."

"எங்க குடும்பத்துல பேச்சையெல்லாம் பெரியவங்க பாத்துக்குவோம்மா. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுக் கிளம்பறோம்" என்றார் மாமா.

முற்றத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அது நன்றாகவே கேட்டது. தங்கச்சி கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வடையைப் பிட்டார்.

"கோப்பி ஆறட்டும். அதுவரைக்கும் ஒரு புதுத் தட்டு போடறேன்" என்று அக்கா சொன்னதும் கேட்டது. வேறொன்றும் தோன்றவில்லை அவருக்கு. கொஞ்சம் நேரம் வாங்கப் பார்த்தார்.

நான் எண்ணெய்ச் சட்டிமுன் நின்றுகொண்டிருந்தேன். முதலில் கூடத்து ஸ்பீக்கரில் ஒரு ரயில் எஞ்சின் மூச்சு வாங்கியது. எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. விசில் அடித்துப் புறப்பட்டது. "அட, அட!" என்று மாமா வியக்கிறார். சத்தம் வலுக்க வலுக்க, அந்தப் பக்கம் தேய்ந்து, என் முதுகுக்குப் பின்னால் அம்மிப் பக்கத்திலிருந்து தடதடவென்று ரயில் வந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

கூடத்திலிருந்து மாமாவின் குரல்: "ரயில் எங்கம்மா போச்சு?"

"இங்க வந்துடுச்சு!" என்று நாங்கள் கத்தினோம்.

அடுத்தது இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு. அதில் இன்னும் வேடிக்கை. பாடுகிறவன் முழுசாக எங்களோடு சமையற்கட்டில். கூடத்தில் வெறும் டிரம்மும் டொம்டொம் என்று ஒரு கிடாரும். அந்த வீட்டில் நல்லது பின்னாலும் மிச்சம் முன்னாலும் போனது அதுதான் முதல் தடவை.

"பாடறவன் எங்க?" என்றார் மாமா.

"உள்ள இருக்கான்" என்றார் அக்கா. அவருக்கே ஒன்றும் புரியவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"வந்தவங்களுக்கு மத்தளம் மட்டும்தானா?"

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளைப் பையன். அடக்கிப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டான். "மாமா, இது ஸ்டீரியோ. அக்கா, ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே ரூம்ல இருக்கணும்க்கா. பாட்டுல பாதி இதுல வரும், பாதி அதுல."

"அப்ப உள்ள இருக்கறவங்களுக்கு?"

அவன் எழுந்து வயர் போகிற வழியைப் பார்த்தான். "உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயரைப் பாக்கலாமாக்கா?" என்றான்.

அக்கா திரைச்சீலையைத் தூக்கி ஆணியில் மாட்டினார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்ணோடு பேசத்தான் அவர்கள் வழக்கத்தில் இடமில்லை. வயர் பார்க்கப் போகிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

உள்ளே வந்தவன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு ஆம்ப்ளிஃபயர்முன் தரையில் உட்கார்ந்தான். "யாராச்சும் இந்தக் குமிழைத் திருப்பணும்." தங்கச்சி போய் எதிரில் உட்கார்ந்து குமிழில் கை வைத்தாள்.

"ரெண்டு பக்கத்து வயரையும் சேத்து முடிஞ்சுட்டா, ரெண்டு ரூம்லயும் முழுப் பாட்டும் கேக்கும்" என்றான் வயரிடம். "ஆனா ஸ்டீரியோ போயிடும். மோனோதான்."

"உங்களுக்கு எது புடிக்கும்?" வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டாள்.

காது சிவந்தது. ஆனால் மழுப்பவில்லை. "ஸ்டீரியோ. வீட்டுல வெச்சிருக்கேன், ஒரே பெட்டி. நடுவுல நாற்காலி போட்டு உக்காந்து கண்ணை மூடினா, பாடறவரு நேரா எதுர்ல நிப்பாரு. வயலின் இந்தப் பக்கம், புல்லாங்குழல் அந்தப் பக்கம். கை நீட்டித் தொடலாம்போல இருக்கும்."

"எத்தனை நாற்காலி?"

"ஒண்ணுதான். நடுவுல ஒண்ணுதான் போட முடியும்."

"உங்கம்மா எங்க உக்காருவாங்க?"

"அம்மா சமையக்கட்டுல இருப்பாங்க."

"அவங்களுக்கு என்ன கேக்கும்?"

அவன் அம்மா பக்கம் திரும்பினான். பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "எனக்குச் செவத்தைத் தாண்டி மழை பெய்யற மாதிரி ஒரு இரைச்சல்தான் கேக்கும்மா. எப்பவாச்சும் நடுவுல பாடறவன் இருமற மாதிரி இருக்கும்."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேக்கலப்பா."

தங்கச்சி சிரித்துவிட்டாள். நாங்கள் எல்லாரும்தான். அவன் சிரிக்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த நாற்காலில முறை வெச்சு உக்காரலாம்" என்றான் கடைசியில். "மொதல்ல அம்மா."

"நான் வேலையை விட மாட்டேன்" என்றாள் தங்கச்சி, குமிழைத் திருப்பிக்கொண்டே.

"ஏன் விடணும்?"

"தம்பி, என்னப்பா ஆச்சு?" கூடத்திலிருந்து மாமா. வெறும் டிரம்மை எவ்வளவு நேரம்தான் கேட்பார்? இதோ எழுந்து வரப்போகிறார், பேச்சு நிற்கப்போகிறது என்று நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

அக்கா கூடத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஊசியை எடுத்துத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். "மாமா, ரயில் மறுபடி கிளம்புது. இந்தத் தடவை கூடவே போய்ப் பாத்துடுங்களேன்."

விசில் அடித்தது. வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் போகிற வேகத்துக்கே நடந்து, முற்றத்தைக் கடந்து, வாய் நிறையச் சிரிப்போடு மாமா சமையற்கட்டுக்குள் வந்து நின்றார். பின்னாலேயே அக்கா. எந்த வீட்டிலும் அந்த மனிதர் அந்த இடம்வரை வந்திருக்க மாட்டார். புகையும் எண்ணெய் வாசமும் வெங்காயத் தோலுமாக, இத்தனை பெண்களுக்கு நடுவே தன் மருமகன் தரையில் உட்கார்ந்திருப்பதையும், எதிரே குமிழைப் பிடித்தபடி பெண் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பேசிட்டு இருக்கீங்களா?"

"ஆமா மாமா" என்றாள் தங்கச்சி. எழுந்திருக்கவில்லை.

அக்கா கதவில் ஒரு கை வைத்தபடி நின்றார். அந்த விரல்கள் மரத்தை இறுக்கிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, சூடாக ஒரு வடையை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "சாப்பிடுங்கண்ணே. இங்க வந்து சாப்பிட்டாத்தான் மொறுமொறுன்னு இருக்கும். அங்க வர்றதுக்குள்ள ஆறிடும்."

அவர் ஒரு கடி கடித்தார். மென்றார். இன்னொரு கடி. பெண்ணைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"என்னம்மா, எங்க பையனைப் புடிச்சிருக்கா?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"புடிச்சிருக்கு மாமா" என்றாள் தங்கச்சி. "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. உக்காருங்க."

அக்கா முக்காலியை அவர் பக்கம் தள்ளினார். மாமா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.